உன் பக்கத்து சீட்டில் யார் உட்காருவது

எஸ்தர் பக்கத்தில் இருக்கும்போது இதைப் படி. அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உன் கையில் மட்டும் கொடுத்தால் பாதி படித்துவிட்டு, கிரீஸ் விரலோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ம்ம், பட்ச்சிட்டேம்மா" என்பாய். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா? அதனால்தான் நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். பிள்ளை வண்டிச் சாவியை எடுத்ததுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற அம்மாக்கள் காக்களூரில் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணு. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பிறந்ததிலிருந்து பயந்துகொண்டுதான் இருக்கிறேன், ஆனால் இந்த வாரத்துப் பயம் சோற்றைக்கூட உள்ளே இறங்க விடவில்லை.

நேற்று ரப்பர் ரிங் யூனிட்டில் வேலைக்கு நடுவே டீ நேரத்தில் எஸ்தர் பேக்கிங் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் நம் வீட்டுக்கு வரப்போகிற பெண், கல்யாணப் புடவையைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். "அத்தே, ஞாயித்துக்கெழம ட்ராக்ல நான்தான் லேப்டாப் பிடிச்சிக்கினு அவரு பக்கத்துல உக்காரப் போறேன். ஹெல்மெட்லாம் குடுப்பாங்களாம்!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. என் கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன். நம் சர்ச்சில் உங்களுடைய மூன்றாவது கல்யாண ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை அது. பாதிரி ஐயர் பீடத்தில் நின்று உங்கள் இரண்டு பேருடைய பெயரையும் படித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்கிற அதே நேரத்தில், நீங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் ட்ராக்கில் அந்தச் சிவப்புக் காரில் காற்றாய்ப் பறந்துகொண்டிருப்பீர்கள். தடை உண்டு என்று நான் எழுந்து நின்றால்கூடக் கேட்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

அந்த வண்டியை நான் வெறுக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். வெறுக்கவில்லை. யாரோ ஓட்டித் தேய்த்து விற்ற வண்டியை வாங்கி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மாட்டி, டர்போ வைத்து நீ அதை எழுப்பி நிறுத்தியதைப் பார்த்தவள் நான். ஊரே புதுப் பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருந்தது. பங்க்கில் எத்தனால் இருபது சதவீதம் என்று எழுதி ஒட்டிய நாளிலிருந்து, மைலேஜ் போச்சு, ரப்பர் போச்சு, டேங்க் துருப்பிடிக்குது என்று ஆட்டோக்காரரிலிருந்து வாத்தியார்வரை ஒரே புலம்பல். நீ மட்டும் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி குதித்தாய். "எல்லாரும் பேஜாரா பாக்கறாங்கம்மா. எனக்கு இது லட்டு. எத்தனால் கலந்தா இன்ஜின் சூடு அடங்கும். பெட்ரோல கொஞ்சம் சேத்து உட்டு, ஸ்பார்க்க இன்னும் முன்னாடியே குடுக்கலாம். அதே வண்டி, அதே பங்க்கு பெட்ரோலு, ஆனா பவரு பார்த்துக்கோ!" என்றாய். எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இதுதான்: அந்தக் கலவை இருக்கும் என்று நம்பி இன்ஜினை ஒரு விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்துகிறாய். கலவை சொன்னபடி இருந்தால் வண்டி பறக்கும். குறைந்தால் இன்ஜின் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்.

நான் அந்த வண்டியில் ஏறிய அன்றைக்கு, ஷெட்டில் உன்னோடு வேலை செய்கிற பார்ட்னர் ஊரில் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து, நல்ல புடவையோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றவளிடம் வந்து, "அம்மா, ஒரு அரை மணி நேரம் வாயேன், லேப்டாப் பிடிச்சிக்கணும்" என்றாய். எனக்கு எதற்கடா லேப்டாப் என்றேன். "நாள் பூரா ஓ-ரிங் பாக்கறவ நீ. ஒரு ரிங்குல மயிரிழை பிசிரு இருந்தா கூடக் கண்டுபிடிச்சி வெளிய போடுவ. உன் கண்ணு எனக்கு வோணும்" என்றாய். புகழ்ந்து காரியம் சாதிக்க உனக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஏறி உட்கார்ந்துவிட்டேன். மடியில் லேப்டாப், அதிலிருந்து ஒயர், திரையில் நிறைய எண்கள். ஒரு கட்டத்தைக் காட்டி, "இது மட்டும்தான் பாரு. நான் அழுத்தும்போது இன்ஜின் தாங்கலன்னா இது செவப்பா மாறும், மாறினா கத்து. நான் உடனே காலை எடுத்துருவேன்" என்றாய். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை லாரி நடமாட்டம் இருக்காது என்பது உன் கணக்கு. நாய், மாடு, சைக்கிளில் வீடு திரும்புகிற செக்யூரிட்டி எல்லாம் உன் கணக்கில் இல்லை, என் கணக்கில் இருந்தார்கள்.

நீ முதல் தடவை மிதித்தபோது என் முதுகு சீட்டுக்குள் புதைந்தது. அப்போதே கத்திவிட்டேன். நீ பதறிக் காலை எடுத்து, "செவப்பா?" என்றாய். இல்லை, பச்சைதான். இரண்டாவது தடவை ஒரு கோழி தெரிந்தது, அதற்கும் கத்தினேன். அடுத்த தடவை வளைவு, அதற்கடுத்து ஸ்பீடு பிரேக்கர், பிறகு எதற்கென்று எனக்கே தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். நீ முதலில் சிரித்தாய், பிறகு உச்சுக் கொட்டினாய். "இன்னாம்மா நீ, சும்மா கத்திக்கினே கீற! செவப்பு வந்தா மட்டும் கத்துன்னு சொன்னேன்ல?" என்றாய். சரி சரி என்றேன். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

இந்த வாய் எப்படி இப்படி ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் அத்தனை வருஷம் நின்றதில் காது போனவர். நம் வீட்டில் சோறு ஆகிவிட்டது என்பதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், தண்ணி லாரி வந்ததையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். உப்பு எங்கே, சாவி எங்கே, தேள் வந்துவிட்டது, மாமா வந்திருக்கிறார், எல்லாம் ஒரே சத்தம். புதிதாக வருகிறவர்கள் சண்டை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். நீ பிறந்து வளர்ந்த வீடு அது. எட்டு ஊருக்குக் கேட்கிற சத்தத்தில் உனக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். நீ சைக்கிள் பழகினபோது பின்னாலேயே "பாத்து, பாத்து, பிரேக்கு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தேன். யார் இவ்வளவு கத்துவது என்று நீ திரும்பிப் பார்த்துத்தான் கால்வாயில் விழுந்தாய். முட்டி கிழிந்து ரத்தம் வழிய எழுந்து, "நீ கத்தாம இருந்தா நான் உழுந்திருக்க மாட்டேன்" என்றாய். சின்னப் பிள்ளை சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தடவை என்று சொல்லி வண்டியைத் திருப்பினாய். மழை வருகிற மாதிரி இருந்தது. நீ மிதித்தாய். நான் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக வேறெதையும் பார்க்கவில்லை. அது சிவந்தது. கத்தினேன். உயிரைக் கொடுத்துக் கத்தினேன். உன் கால் அசையவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், உதட்டோரத்தில் அந்த "அம்மா மறுபடி ஆரம்பிச்சிட்டா" சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு இன்ஜினுக்குள் தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். உன் சிரிப்பு அப்போதுதான் மறைந்தது. டப் என்று ஒன்று உடைந்தது, பின்னால் கண்ணாடி முழுக்கப் புகை, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த கன்டெய்னர் லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. என் முகத்துக்கு நேரே லாரியின் இரும்பு. மடியிலிருந்த லேப்டாப்பில் அந்தக் கட்டம் பச்சையாகியிருந்தது. இன்ஜினே இல்லை, அதற்கு என்ன கவலை.

நீ என்னை வெளியே இழுத்து, ரோட்டோரம் உட்கார வைத்து, கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நீ கரெக்டாத்தான்மா கத்தின. நான்தான் காதுல வாங்கல" என்றாய். புலி வருது, புலி வருது கதையில் புலி வந்தபோது ஆடுதான் போனது. இங்கே போக இருந்தது நீ.

மறுநாள் ஷெட்டில் நீ செய்ததைச் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்தேன். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் டேங்க்கிலிருந்து எடுத்த பெட்ரோலை ஊற்றி, குலுக்கி வைத்தாய். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், அதனால் தண்ணீரின் கோடு மேலே ஏறும், எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு எத்தனால் என்று முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அன்றைக்குக் கோடு ஏற வேண்டிய இடம்வரை ஏறவில்லை. வழக்கமாகப் போடுகிற பங்க்கில் ஸ்டாக் இல்லை என்று கடம்பத்தூர் போகிற வழியில் வேறு எங்கோ போட்டாயாம். "எல்லா எடத்துலயும் இப்ப ஒண்ணுதானேன்னு உட்டுட்டேன்" என்று குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பழைய ஸ்டாக்கோ, மழைத் தண்ணீர் இறங்கியதோ, யார் கண்டது. நீ குலுக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடும்போதுகூட முதலில் ஒரு ஓரத்தை முக்கிப் பார்ப்போமே, கண்ணு.

அதோடு விட்டதா? கழற்றிய பாகங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ரிங் கிடந்தது. எடுத்து விரலில் உருட்டினேன். ஊறி, உப்பி, நகம் பட்டாலே பிய்ந்து வந்தது. பெட்ரோல் போகிற இடத்து ரிங் அது. புதுப் பெட்ரோல் தாங்காத பழைய ரப்பர். இதை யாராவது கவனித்தீர்களா என்று கேட்டேன். "மாத்திடலாம்மா" என்றாய், கறிவேப்பிலை வாங்கிடலாம் என்கிற மாதிரி. அன்றிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு லாரி வருவதில்லை, நெருப்பு வருகிறது. சூடான இன்ஜின்மேல் ஒரு சொட்டு, அவ்வளவு போதும். நீ புது இன்ஜின் பூட்டிவிட்டாய், ரிங் எல்லாம் மாற்றிவிட்டாய், எனக்குத் தெரியும். பயத்துக்கு அது தெரியவில்லை. பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று ஓடும்போதே பார்த்துத் தானாக அடக்கிக்கொள்கிற சென்சார் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறாயாமே, அது வந்த பிறகு போகலாமே என்று கேட்டேன். ட்ராக்கில் அந்த ஞாயிறுதான் இடம் கிடைத்தது, விட்டால் கல்யாணம் முடிந்துதான் என்றாய். கல்யாணம் முடிந்து போனால் என்ன, ட்ராக் ஓடியா போய்விடும்?

நேற்று எஸ்தர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கத்திக் கத்திச் சொன்னேன். அவர் தட்டில் கையை வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "லேப்டாப் வெச்சிக்கினு கத்தினியா? எதுக்குக் கத்தின?" என்றார். பிறகு எப்படிச் சொல்வதாம் என்றேன். "மில்லுல எவனும் கத்த மாட்டான். கத்தினா யாருக்குக் கேக்கும்? தோள்ல கை வெச்சி ஒரே ஒரு அழுத்து. அழுத்தினா இன்னா ஏதுன்னு திரும்பிப் பாக்கக் கூடாது. நவுந்துடணும். சும்மா வெளையாட்டுக்கு அழுத்தினவன மறுநா உள்ள சேக்க மாட்டோம்" என்றார். அதோடு நிறுத்தாமல், ஒன்றும் நடக்காத மாதிரி ரசத்தை ஊற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். நீ பால் பல் விழாத பிள்ளையாக இருந்த காலத்தில் ஒரு நாள், பக்கத்தில் நின்ற ஆள் அவர் தோளை அழுத்தினாராம். இவர் ஏன் என்று பார்க்காமல் நகர்ந்தாராம். சிவக்கக் காய்ந்த கம்பி ரோலரை விட்டுத் துள்ளி, இவர் நின்ற இடத்தின் வழியாகப் போனதாம். "ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். "சொன்னா நீ கத்துவ" என்றார்.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன், கண்ணு. எத்தனை வருஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்த ஒன்றுக்காக இப்போது நடுங்கினேன். அவர் எழுந்து கை கழுவி வந்து, பின்னாலிருந்து என் தோளில் அழுத்தினார். நான் என்னையறியாமல் எழுந்து ஒரு அடி நகர்ந்து நின்றேன். பாத்தியா, என்றார்.

இதை எழுத உட்கார்ந்தபோது, போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தாய்மேல் ஆணை, தகப்பன்மேல் ஆணை என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். போகாதே என்றால் நீ சொல்லாமல் போவாய். உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே, எனக்குப் பிறந்தவன் நீ, பிடித்தால் பிடித்ததுதான். ஆகவே மூன்று சங்கதி கேட்கிறேன். காலையில் டேங்க்கில் இருப்பதைக் குழாயில் குலுக்கிப் பார், கோடு ஏறாவிட்டால் அங்கேயே வண்டியைத் திருப்பு. லேப்டாப்பில் நீ வைத்திருக்கிற அடங்கிய செட்டிங்கிலேயே ஓட்டு, விளிம்புவரை போகிற செட்டிங் எல்லாம் சென்சார் வந்த பிறகு. நெருப்பணைக்கிற சிலிண்டரை டிக்கியில் படுக்கப் போடாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டு. இது மூன்றும் உனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததைத்தான் அன்றைக்கும் விட்டாய்.

எஸ்தர், இனி உனக்கு. கோபித்துக்கொள்ளாதே, தங்கம். டீ நேரத்தில் உன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. உனக்கு இவன்மேல் பயமே இல்லை. இவன் கையில் வண்டி இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறாய். அப்படித்தான் இருக்க வேண்டும், கட்டிக்கொள்ளப் போகிறவள் அப்படி நம்பாமல் வேறு யார் நம்புவது. ஆனால் அந்தக் கட்டம் சிவக்கும்போது நீ முதலில் இவன் முகத்தைப் பார்ப்பாய். இவன் சிரித்துக்கொண்டிருப்பான். இவனுக்குத் தெரியாததா என்று நினைப்பாய். அந்த நினைப்பு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சீட்டில் நம்புகிறவர்கள் உட்காரக் கூடாது. நீ கோயிலுக்குப் போ. ஓலை வாசிக்கும்போது நீயாவது அங்கே இரு. என் இடத்தில் உட்கார்ந்து என் பாட்டையும் சேர்த்துப் பாடு.

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குப் போகாதவள் இல்லை, கடவுள் இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார். புடவையில் ஹெல்மெட் போட்டால் எப்படி இருக்குமோ, உன் சிநேகிதர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ மிதிக்கும்போது உயிர் போய்விட்டு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தை மட்டும் பார்ப்பேன். இடது கையில் லேப்டாப் இருக்கும், வலது கை உன் தோளில் இருக்கும். வளைவுக்கு அழுத்த மாட்டேன், வேகத்துக்கு அழுத்த மாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காகவும் அழுத்த மாட்டேன். அழுத்தினால் என் முகத்தைப் பார்க்காதே. காலை எடுத்துவிடு.